பதினெட்டு நிமிட ரொட்டி

குழைத்த மாவை ஈரத்துணியால் மூடி வைப்பது தவறு என்று யாராவது சொல்லியிருந்தால், அந்த வியாழக்கிழமை காலை வரை நான் சிரித்திருப்பேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் மனையியல் படிப்பித்தவள் நான். மாவைக் குழை, மூடு, அரை மணித்தியாலம் விடு, பிறகு தொடு. இதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அந்த ஒரு விதிதான் ரொறன்ரோவில் என் வேலையைக் கொண்டுபோகப் பார்த்தது.

பள்ளிக்கூடங்களில் உதவி ஆசிரியைகளாக இப்போது சேருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "அன்ரி, வேலையிலை என்ன கவனிக்கவேணும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சிவம் அண்ணையைத் தவிர இதில் வருகிற எல்லோரும் பேசியது ஆங்கிலம். ஆனால் அவர்கள் சொன்னதெல்லாம் என் மனதில் எங்கள் ஊர்த் தமிழிலேயே பதிந்து கிடக்கிறது. அதை மாற்ற எனக்கு மனமில்லை.

1. மச்சச் சட்டி

கனடாவுக்கு வந்த முதல் இரண்டு வருடமும் ஒரு ஃபக்ரறியில் பிளாஸ்ரிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கினேன். கைக்கு ஓயாத வேலை, வாய்க்கு வேலையே இல்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகியவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு மார்கழி மாதம், எங்கள் ஊர்க்காரர் சிவம் அண்ணை ஒரு தகவலோடு வீட்டுக்கு வந்தார். பாதர்ஸ்ற் வீதியில் இருந்த ஒரு யூதப் பள்ளிக்கூடத்தில் அவர் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தார்.

"தங்கச்சி, கிண்டர்காட்டின் வகுப்புக்கு ஒரு உதவியாள் தேடுகினம். பண்டிகைக்குப் பண்டிகை பிள்ளையளோடை சேர்ந்து சமைக்கிற வகுப்பு. உமக்கெண்டே செய்த வேலை. நான் சொல்லி வைச்சிருக்கிறன். என்ரை பேரைக் கெடுத்துப்போடாதையும்."

அப்போது நான் மில்லிக்கனில் அண்ணர் வீட்டு பேஸ்மென்றில் இருந்தேன். அங்கிருந்து இரண்டு பஸ், ஒன்றேகால் மணித்தியாலம். நேர்முகத்தில் என்னைப் பார்த்தவர் அதிபர் ரூத். ஒல்லியான, அதிகம் சிரிக்காத பெண்.

"எங்கடை சமையலறையிலை இறைச்சிக்கு ஒரு சட்டி, பாலுக்கு ஒரு சட்டி. கரண்டி, கோப்பை, கழுவுற தொட்டி எல்லாம் வேறை வேறை. ஒண்டை ஒண்டு தொடக்கூடாது. உங்களுக்கு இது கஷ்டமா இருக்குமோ?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டி ஒரு பக்கம் இருக்கும், சைவச் சட்டி இன்னொரு பக்கம் இருக்கும். வெள்ளிக்கிழமையில் மச்சக் கரண்டி தவறிச் சைவச் சட்டிக்குள் விழுந்தால் அன்றைய சமையல் அதோடு சரி. இதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். ரூத் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒருதரம் வடிவாகப் பார்த்தார். "தையிலை வாங்கோ. மூண்டு மாசம் பாப்பம். சரியெண்டா நிரந்தரமாக்கிறன்" என்றார்.

முதல் நாளே நான் வாயடைத்துப்போனேன். வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், எல்லாம் ஐந்து வயது. தன் சப்பாத்து நாடாவைக் கட்டத் தெரியாத ஒரு பையன், நான் லாச்சியைத் திறந்து ஒரு கரண்டியை எடுத்ததும், "மிஸ் சறோ, அது பால் கரண்டி!" என்றான். கோள் சொல்கிற குரலில் சொல்லவில்லை. விழப்போகிற ஆளைக் கையில் பிடித்து நிறுத்துவது போலச் சொன்னான். இவ்வளவு சின்னத் தலைக்குள் இவ்வளவு ஒழுங்கு எப்படிப் போனது என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தேன்.

2. மூன்று மூலை பிஸ்கற்

பங்குனியில் பூரிம் என்றொரு பண்டிகை வந்தது. வேஷம் போட்டு, சத்தம் போட்டு, மூன்று மூலை வைத்த பிஸ்கற் சாப்பிடுகிற நாள். வட்டமாக வெட்டிய மாவின் நடுவில் கசகசா இனிப்பை வைத்து, ஓரங்களை மூன்று பக்கமாகக் கிள்ளி ஒட்ட வேண்டும். வகுப்பாசிரியை மிரியம் செய்தவை ஓவனுக்குள் போனதும் வாயைப் பிளந்துகொண்டன. நான் கொழுக்கட்டைக்கு விளிம்பு கிள்ளுகிற மாதிரிக் கிள்ளினேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை.

மிரியம் நல்ல உயரம். மைக் இல்லாமலே மண்டபம் முழுக்கக் கேட்கும் குரல். "சறோ, உங்கடை விரலை எனக்குக் கடன் தாங்கோ!" என்று கத்தி, பக்கத்து வகுப்பு ஆசிரியைகளையும் கூப்பிட்டுக் காட்டினாள். நான் குனிந்த தலை நிமிராமல் நின்றேன். ஆனால் உள்ளுக்குள் தலை கூரையை இடித்தது. இவர்களுக்கு மாவைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க என்னிடம் விஷயம் இருக்கிறது என்று அன்றைக்கு முடிவு கட்டிவிட்டேன். தலைக்கனம் என்பது அதுதான்.

3. நான் செய்த உபகாரம்

அடுத்தது பாஸ்கா. அவர்கள் பெஸாக் என்பார்கள். எட்டு நாளும் பாண், பிஸ்கற் எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது. புளித்துப் பொங்கிய மாவை ஹாமெட்ஸ் என்பார்கள். அதில் ஒரு துணுக்கைக்கூட வைத்திருக்கமாட்டார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வருகிற தாய்மார், கார் சீற்றுக்கு அடியில் ஊசியால் கிண்டி பிஸ்கற் தூள் எடுத்த கதைகளை மூன்று கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நாட்களில் அவர்கள் சாப்பிடுவது மாட்ஸா. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் சுடுகிற மெல்லிய ரொட்டி.

பண்டிகைக்கு முந்திய வியாழன் எங்கள் வகுப்பு மாட்ஸா சுடுவதாக ஏற்பாடு. பதினொரு மணிக்குப் பெற்றோரும் தாத்தா பாட்டிமாரும் வருவார்கள். மேல்மாடித் தொழுகைக்கூடத்து மதகுருவான ராபி பக்கத்தில் நின்று நேரம் பார்ப்பார். எல்லாம் முறைப்படி நடந்தால் பிள்ளைகள் ஆளுக்கொன்றை வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதற்கென்றே தண்ணீர் படாமல் காவல் காத்த ஒரு பை மாவை ராபி எங்கிருந்தோ வருவித்திருந்தார். வேறு பை கிடையாது.

முதல் நாள் மிரியம் என்னிடம், "பொழுதுபடத் தண்ணி எடுத்து மூடி வையுங்கோ. அது ராவு முழுக்க ஆறி இருக்கவேணும். காலமை மாவை அளந்து வையுங்கோ. மிச்சத்தை நான் பிள்ளையளுக்கு முன்னாலை செய்யிறன்" என்றாள்.

தண்ணீரைக்கூட ஆற வைக்கிற சனம்! எனக்கு அவர்கள் மேல் மரியாதை இன்னும் கூடியது. அந்த மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது. காலையில் ஒன்பதே முக்காலுக்கு மாவை அளந்தேன். மிரியமும் பிள்ளைகளும் வெளியே விளையாட்டு முற்றத்தில் நின்றார்கள். நான் மாவைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், மணிக்கூட்டைப் பார்த்தேன். எண்ணெய் இல்லாத மா, சின்னக் கைகள், விருந்தாளிகள் வேறு வருகிறார்கள். தண்ணீருக்கே ஓய்வு வேண்டுமென்றால் மாவுக்கு வேண்டாமா? இப்போதே குழைத்து வைத்தால் பிள்ளைகள் தட்டும்போது பூப்போல இருக்கும். பையில் அரைவாசியைக் கொட்டிக் குழைத்தேன். உப்பைச் சொல்ல மறந்துவிட்டாள், பாவம் என்று ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன். ஈரத்துணியால் மூடி, கை கழுவிவிட்டு, மிரியம் வந்து பாராட்டுவாள் என்று காத்திருந்தேன்.

4. வாய் திறந்தது

பத்தரைக்குப் பிள்ளைகள் வந்து பாயில் இருந்தார்கள். மிரியம் ஒரு பெரிய ரைமரைத் தூக்கிப் பிடித்தாள்.

"எகிப்திலை அடிமையளா இருந்த எங்கடை ஆக்கள் வெளிக்கிட்டபோது, மா பொங்கும் மட்டும் நிக்க அவையளுக்கு நேரம் இருக்கேல்லை. அதாலை நாங்களும் மாவை நிக்க விடுறேல்லை. தண்ணி மாவிலை பட்ட அந்த நொடி மணிக்கூடு ஓடத் தொடங்கும். பதினெட்டு நிமிசம். அதுக்கிடையிலை குழைச்சு, தட்டி, துளை போட்டு, ஓவனுக்குள்ளை போகவேணும். கை ஓயக்கூடாது. விட்டா அது ஹாமெட்ஸ்."

நான் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்து முப்பத்தைந்து. என் மா மூடிக் கிடந்து முக்கால் மணித்தியாலம்.

சிவம் அண்ணை விருந்தாளிகளுக்கான கதிரைகளை வாசலருகே விரித்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கிட்ட வந்தார். குசுகுசுவென்று விஷயத்தைச் சொன்னேன்.

"ஆருக்காவது தெரியுமோ?"

"இல்லை, அண்ணை."

"அப்ப வாயைப் பொத்திக்கொண்டு இரும். மாவும் தண்ணியும்தானே. அவ குழைக்கேக்கை அதையும் சேர்த்து விட்டா ஆர் கண்டது? அடுத்த கிழமை உம்மடை மூண்டு மாசம் முடியுது. திரும்பி மூடி அடுக்கப் போகப்போறீரோ?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. எனக்காகத்தான் பயந்தார். நானும் சத்தியமாக ஒரு நிமிடம் அப்படியே இருந்துவிடத்தான் நினைத்தேன். அந்தப் பிளாஸ்ரிக் மூடிகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. இந்தப் பிள்ளைகளை விட்டுப் போவதை நினைக்கவே முடியவில்லை.

ஆனால் பதினான்கு கடதாசிப் பைகள் மேசையில் அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயர் இருந்தது. ஊசியால் கிண்டித் துப்புரவாக்கிய பதினான்கு வீடுகளுக்குள் என் உப்புப் போட்ட, பொங்கின மா போகப்போகிறது. விரத நாளில் எனக்கு யாரோ மச்சச் சட்டியில் காய்ச்சின சோற்றைப் போட்டால் எனக்குத் தெரியாமல் போகலாம், நான் கும்பிட்டுச் சாப்பிடலாம். பரிமாறினவளுக்குத் தெரியுமே! அந்தப் பரிமாறினவளாக என்னால் இருக்க முடியாது.

ராபி உள்ளே வந்துகொண்டிருந்தார். நான் எழும்பினேன்.

"மிரியம், பொறுங்கோ. நான் ஒரு பிழை விட்டிட்டன். அரைவாசி மாவைப் பத்து மணிக்கு முன்னமே குழைச்சு மூடி வைச்சிட்டன். உப்பும் போட்டனான்."

ஷீரா என்றொரு சிறுமி, கேள்வி கேட்கவென்றே பிறந்தவள், எழுந்து போய்த் துணியின் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தாள். "நித்திரை கொள்ளுது" என்று மெல்லச் சொன்னாள்.

மிரியம் ஏசவில்லை. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தாள். கோப்பையை அப்படியே தூக்கிப் பிள்ளைகளுக்கு முன்னால் வைத்து, தொடாமல் பார்க்கச் சொன்னாள். "வடிவாப் பாருங்கோ. நேரம் இருக்கிற ஆக்கள் செய்யிற மா இப்பிடித்தான் இருக்கும். பொது பொதுவெண்டு, ஆறுதலா." பிறகு ராபியின் முகத்தைப் பார்த்தாள். ராபி கேட்டது இரண்டு கேள்விதான். எந்த மேசையில் குழைத்தீர்கள்? எவ்வளவு மா மிச்சம்?

அதன் பிறகு நடந்ததைக் கண்டவர்கள் அதை ஐந்து வயதுப் பிள்ளைகளின் வகுப்பு என்று நம்பமாட்டார்கள். மேசைக் கடதாசி சுருண்டது. கோப்பையும் துணியும் என் அப்ரனும் சிவம் அண்ணையோடு வெளியே போயின. நான் முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துப் புதுக் கடதாசியை இழுத்து விரித்தார்கள். இருந்த மாவுக்கு அளவாக ரொட்டி சின்னதாகத்தான் வரும். உள்ளங்கை அளவு போதும் என்றாள் மிரியம்.

5. ஒரு கையும் ஓயவில்லை

பதினொன்று ஐந்துக்கு மிரியம் தண்ணீரை ஊற்றினாள். ராபி ரைமரை அமத்தினார்.

இரண்டு நிமிடம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் இராத பிள்ளைகள் இவர்கள். பென்சிலுக்கு அடிபடுவார்கள், மூக்கு வழிந்தால் என் பாவாடையில் துடைப்பார்கள். அன்றைக்கு அவர்களிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. இருபத்தெட்டுச் சின்னக் கைகள் மாவைப் பிசைந்தன, உருட்டின, தட்டின. ஒரு பையனுக்கு மூக்கு அரித்தது. அவன் கையை எடுத்தான். பக்கத்தில் இருந்த ஷீரா ஒன்றும் கேட்காமல் தன் இடது கையை நீட்டி அவனுடைய மாவையும் சேர்த்துப் பிசைந்தாள். அவன் சொறிந்து, ஓடிப்போய்க் கை கழுவி வந்து வாங்கிக்கொண்டான். சொல்லிக் கொடுத்து வருகிற காரியமா இது?

"ஒன்பது நிமிசம்," என்றார் ராபி. முள்ளுக்கரண்டிகள் டக்கு டக்கென்று துளை போட்டன. பின்னால் கதிரையில் இருந்த பெரியவர்கள் கதைப்பதை நிறுத்திவிட்டார்கள். தொப்பி போட்ட ஒரு முதியவர் எழுந்து நின்றார். பிறகு ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்து நின்றார்கள். எங்கள் ஊரில் தேர் வடத்தைப் பிடித்துச் சனம் மூச்சைப் பிடிக்கிற நேரத்தில் ஒரு அமைதி வரும். ஊரை விட்டு வந்த பிறகு அதை நான் அங்கேதான் கண்டேன்.

பதினாறாவது நிமிடம் கடைசித் தட்டும் உள்ளே போய் ஓவன் கதவு சாத்தியது. அப்போதுதான் பிள்ளைகள் கத்தினார்கள். நான் மற்றப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்தேன்.

ரொட்டி ஆறும் நேரம் ஷீரா என் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மிஸ் சறோ, நீங்கள் எப்பவாவது அவசரமா வெளிக்கிட்டிருக்கிறீங்களோ?"

அந்த நாட்டில் அதுவரை என்னிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. குடிவரவு அதிகாரி திகதி கேட்டார், விலாசம் கேட்டார். இப்படி யாரும் கேட்கவில்லை.

"ஓம், பிள்ளை. ஒரு பின்னேரம். ரொட்டிக்கு மா குழைச்சு மூடி வைச்சிருந்தனான். சண்டை கிட்ட வந்திட்டுதெண்டு உடனை போகச் சொல்லிச்சினம். வெளிக்கிட்டிட்டம்."

"மா?"

"அங்கையே விட்டிட்டு வந்திட்டன்."

"பிறகு அதை ஆர் சாப்பிட்டது?"

"தெரியாது, பிள்ளை."

அவள் தன் விரல்களில் ஒட்டியிருந்த மாவைச் சுரண்டினாள். பிறகு, "ஆராவது பசிச்சவை வந்து சாப்பிட்டிருப்பினம்" என்றாள்.

மிரியம் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தாள். பெஸாக் இரவு அவர்கள் வீட்டு மேசையில், சாப்பிட முதல், பசித்தவர் எவரும் உள்ளே வரலாம் என்று சொல்லித்தான் தொடங்குவார்களாம். அதை என்னிடம் சொல்லும்போது அந்தப் பெரிய குரல் உள்ளே போயிருந்தது. அந்த மாவை எப்போது நினைத்தாலும் நான் நினைத்தது, அது புளித்து, பூஞ்சணம் பிடித்து, வீணாய்ப் போயிருக்கும் என்றுதான். பல வருடமாக என் தலைக்குள் கெட்டுக் கிடந்த மாவை ஐந்து வயதுப் பிள்ளை எடுத்து யாருக்கோ சாப்பிடக் கொடுத்துவிட்டது. நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

6. ரூத்தின் அறை

மூன்றரைக்கு ரூத் கூப்பிட்டனுப்பினார். குளிர் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டே போனேன். அப்படியே பஸ்ஸுக்குப் போய்விடலாம் என்று நினைத்தேன்.

"மிரியம் எல்லாம் சொன்னா," என்றார் ரூத்.

"மன்னிக்கவேணும். நாளையிலிருந்து வரவேண்டாம் எண்டா எனக்கு விளங்கும்."

"இருங்கோ."

இருந்தேன்.

"இந்தக் கட்டடத்திலை நடக்கிற பிழை ஒண்டும் கண்ணுக்குத் தெரியாது. பால் கரண்டி இறைச்சிச் சட்டிக்குள்ளை விழுந்தா, எடுத்துக் கழுவி வைச்சாச் சரி. பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. சொல்லுற ஆள் இருக்கிற வரைக்கும்தான் நாங்கள் சாப்பிடுறது கோஷர், முறைப்படியான சாப்பாடு. எனக்குப் பிழை விடாத ஆள் கிடைக்கப்போறதில்லை. பிழை விட்டிட்டு வந்து சொல்லுற ஆள் கிடைச்சால் நான் விடமாட்டன்." மேசையில் இருந்த ஒரு கடதாசியில் கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினார். "நீங்கள் இண்டையிலிருந்து நிரந்தரம். ஆனா சொல்லாத வேலையை இனிமேல் செய்யாதேங்கோ."

வாசலில் சிவம் அண்ணை கதிரைகளை மடித்துக்கொண்டு நின்றார். கடதாசியை வாங்கிப் பார்த்தார், திருப்பித் தந்தார். "நானெண்டாச் சொல்லியிருக்கமாட்டன், தங்கச்சி," என்றார். அதை ஒத்துக்கொள்ள அவருக்கும் மனம் இருந்தது. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்து மில்லிக்கன் வரும் வரை அழுதுகொண்டே வந்தேன்.

அதே பள்ளிக்கூடத்தில் இருபத்தொரு வருடம் வேலை செய்தேன். அந்த வருடங்களில் என் கையாலும் நான் பழக்கிய பிள்ளைகளின் கையாலும் எத்தனையோ பிழைகள் நடந்தன. பால் கரண்டி சூப்புக்குள் விழுந்தது. சீஸ் வெட்டிய கத்தி இறைச்சிப் பலகைக்குப் போனது. ஒருமுறை முழு நாள் சமையலையும் கொட்ட வேண்டி வந்தது. புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் பழக்கியது ஒன்றுதான். பிழை நடந்தால் அப்ரனைக் கழற்ற முதல் ரூத்தின் கதவைத் தட்டவேண்டும்.

கதவைத் தட்டி, "ஒரு பிழை நடந்திட்டுது" என்று சொன்னால் ரூத் பேனையைக் கீழே வைப்பார். "எந்தச் சட்டி?" என்று கேட்டுக்கொண்டே எழும்புவார். யார் செய்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.